காய்ந்த மணலுக்குப் பதினோரு காலடி

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஆளுக்கொரு கதை கிளம்பாது.

படகில் நான்கு பேர். படகுக்குச் சொந்தக்காரன் இர்பான், திருப்பாலைக்குடி. நீச்சல் சங்கம் அனுப்பிய பார்வையாளர் அகமது கபீர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில், மடியில் அட்டை வைத்த குறிப்பேடு. ராமநாதபுரத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்கும் சுகந்தி. நான்காவது ஆள் செல்லச்சாமி. அபிராமத்துக்குத் தெற்கே செவ்வந்தியேந்தலில் மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பத்துக்கு மூத்தவர், வயது எழுபத்தொன்று, அமாவாசைக்குக் கடலில் முழுகி எழுந்ததைத் தவிர கடலோடு வேறு சகவாசம் இல்லாதவர்.

கரையில், ஓலைக்குடாவில், அவருடைய இறந்துபோன தம்பி பாண்டித்துரையின் மனைவி ராமலெட்சுமி. ராமலெட்சுமியின் உடன்பிறந்த அண்ணன் மருதுபாண்டி. கல்லூரிப் பெண்கள் ஒன்பது பேர். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

தண்ணீரில் ஒருத்தி. பாண்டித்துரையின் மகள் பானுப்பிரியா, இருபது வயது.

இவ்வளவுதான் ஆட்கள். நானும் அங்கே இருந்தேன் என்று வேறு யாராவது சொன்னால் அது பொய்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கி, வடகடல் வழியாக ராமேசுவரத்தைச் சுற்றிக்கொண்டு ஓலைக்குடாவில் கரையேற வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அந்த வழியை நீந்தி முடித்த பெண் என்று சங்கத்தின் பதிவேட்டில் ஒரு பெயரும் அதுவரை ஏறவில்லை. போன வருடம் இதே மார்ச் மாதத்தில் பானுப்பிரியா ஒரு முறை இறங்கினாள். பதினாறாவது கிலோமீட்டரில் சொறிமீன் கூட்டத்துக்குள் மாட்டி முகமெல்லாம் தடித்துப்போனவளைப் படகில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். பத்து நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தவள், பதினோராம் நாள் காலையில் ராமநாதபுரம் பேருந்தில் ஏறி சுகந்தியிடம் போய் நின்றாள்.

அவளுக்கு இந்த வெறி வந்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், தண்ணீர் பெருகிக் கிடந்த ஒரு தை மாதத்தில், செவ்வந்தியேந்தல் கண்மாயில் ஆட்டுக்குட்டியை மறிக்க இறங்கிய, வயல்வேலைக்கு வரும் சோலையம்மாளின் மூத்த பெண் மடைக்குப் பக்கத்தில் முழுகிப்போனாள். கரையில் பதினாறு பொம்பளைகள் நின்றார்கள். ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆம்பளைப் பிள்ளைகள் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் படித்துறையில் துணி துவைப்பதோடு சரி. அந்தப் பதினாறு பேரில் பானுப்பிரியாவும் ஒருத்தி. அன்றைக்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய்க் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாயில் ஏழு பெண் பிள்ளைகளை இறக்கினாள். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு அதுகள் தண்ணீரை உதைத்ததைப் பார்க்க ஊரே கரையில் கூடியது. அந்த ஏழு பேரில் சோலையம்மாளின் இளைய மகள் கலைச்செல்வியும் ஒருத்தி.

செல்லச்சாமி முதலில் முகம் சுளித்தார். பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தபோது கரையில் வேட்டியை இறக்கிவிட்டு நின்றார். தம்பி செத்தபோது நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காடுவரை நடந்தவர் அவர். அவள் பெயரோடு தன் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு?

நீச்சலுக்கு ஒரு வாரம் முன்னால் அகமது கபீர் செவ்வந்தியேந்தலுக்கே வந்தார். வீட்டு ஆட்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். மருதுபாண்டியையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"படகத் தொடக்கூடாது. ஆளத் தொடக்கூடாது. தண்ணி, குளுக்கோஸ் எல்லாம் கம்புல கட்டித்தான் நீட்டணும்" என்றார் கபீர். "முக்கியமானது கடைசி. கரையேறி, காஞ்ச மண்ணுல, அதுவா, தன் கால்ல நிக்கணும். நான் விசில் ஊதுற வரைக்கும் பெத்த தாயா இருந்தாலும் கை படக்கூடாது. ஒரு விரல் பட்டாலும் நான் செல்லாதுன்னுதான் எழுதுவேன். நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும்."

"எங்க ஆளுக தொடமாட்டாக" என்றார் செல்லச்சாமி. சொல்லிவிட்டு மருதுபாண்டியைப் பார்த்தார். "மாப்ள, உன்னையத்தான் சொல்றேன். தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு மாலையத் தூக்கிட்டு முன்னால ஓடியாந்துராத."

அதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. பானுப்பிரியாவின் சடங்கில் முதல் மாலை யார் போடுவது என்று ஒரு இழுபறி. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறவர் பெரியப்பன். ஆனால் சடங்கு மாலை தாய்மாமனுக்கு உரியது. மருதுபாண்டி எட்டுத் தட்டுச் சீரோடு மேளம் கொட்டி வந்து மாலையைப் போட்டுவிட்டார். செல்லச்சாமி கையில் வைத்திருந்த மாலை, போட ஆளில்லாமல் சாமி படத்துக்குப் போயிற்று. ஏழு வருடம் ஆகிறது. அந்த மாலை இன்னும் அவர் கையிலேயே கனத்துக்கொண்டிருந்தது.

மருதுபாண்டி சிரித்தார். "தண்ணிக்குள்ள கால வைக்க மாட்டேன் மச்சான். போதுமா?"

"கையடிச்சுச் சொல்லு."

கபீர் உள்ளங்கையை நீட்டினார். மருதுபாண்டி அடித்தார். "நீங்களும்" என்றார் கபீர். செல்லச்சாமிக்குச் சுருக்கென்றது. அந்த வட்டாரத்தில் அவர் வாய்ச்சொல்லுக்கு மேல் சத்தியம் கேட்டவர் கிடையாது. கேட்டவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையை ஓங்கி அடித்தார். பானுப்பிரியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்கு வெளுத்ததும் அவள் இறங்கினாள். கடல் அன்றைக்கு நல்ல பிள்ளையாக இருந்தது. முதல் ஐந்து மணி நேரம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கை, கை, கை, மூச்சு. கை, கை, கை, மூச்சு. படகின் முன்பக்க அணியத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த செல்லச்சாமிக்கு எண்ணி எண்ணிக் கண் சொக்கியது.

"பெரியவரே, தூங்கிக் கடல்ல விழுந்துறாதீக" என்றான் இர்பான். "அப்புறம் அந்தப் புள்ள உங்களையும் சேத்து இழுத்துக்கிட்டு நீந்தணும். அதுக்கு விதி இருக்கான்னு சார்ட்ட கேக்கணும்."

"ஓட்டுற வேலையப் பாருலே."

"நான் எங்கன ஓட்டுறேன்? அது போற போக்குக்கு நான் பின்னால போறேன்." இர்பான் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகச் சொன்னான். "எங்க ஊருப் பயலுக டீசல் தீந்துபோச்சுன்னா உக்காந்து அழுவானுக. இந்தப் புள்ளைய அவனுகளுக்குக் காட்டணும்."

ராமேசுவரத்துக்கு நேராக வந்தபோது நீவாடு திரும்பியது. கடலுக்குள் ஓடுகிற நீரோட்டத்தை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதுவரை முதுகில் தள்ளிய தண்ணீர் இப்போது முகத்தில் தள்ளியது. கரையில் கோபுரம் தெரிந்தது. பானுப்பிரியா கை போட்டுக்கொண்டே இருந்தாள். கோபுரம் அங்கேயே நின்றது. கால் மணி. அரை மணி. கோபுரம் அங்கேயே நின்றது.

"ஏலே, நகரமாட்டேங்குதே!" என்று செல்லச்சாமி எழுந்துவிட்டார்.

"அது நகந்துகிட்டுத்தான் இருக்கு. தண்ணி பின்னால கொண்டுபோற அளவுக்கு அது முன்னால வருது. கைய விட்டுச்சுன்னா மறுபடி தனுஷ்கோடிதான்" என்றான் இர்பான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

சுகந்தி கம்பில் கட்டிய புட்டியை நீட்டினாள். பானுப்பிரியா மல்லாந்து மிதந்துகொண்டே குடித்தாள். உதடு வெடித்துக் கறுத்திருந்தது. நீச்சல் கண்ணாடி அழுத்திய இடத்தில் இரண்டு வட்டமாக வீங்கியிருந்தது.

"பானு! போதும்த்தா! ஏறிரு! யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக!" என்று கத்தினார் செல்லச்சாமி. குரல் உடைந்தது, அதை அவரே எதிர்பார்க்கவில்லை.

அவள் புட்டியை விட்டாள். "கோபுரத்தப் பாக்காதீக பெரியப்பா" என்றாள். "என்னையப் பாருங்க." திரும்பிக் கை போட்டாள்.

ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் செல்லச்சாமி தன் ஆயுளில் பார்த்த தைரியம் எதுவும் தைரியமில்லை என்று தெரிந்துகொண்டார். மாடு பிடித்ததும், வாய்க்கால் தகராறில் ஒற்றை ஆளாக நின்றதும் ஒரு வேகத்தில் நடந்துவிடுகிற காரியங்கள். இது வேறு. ஒன்றும் நடக்காத இடத்தில், ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தும், அடுத்த கையைப் போடுவது. கோபுரம் மெல்ல, வண்டிச் சக்கரம் கிறீச்சிடாமல் உருள்வது மாதிரி, பின்னால் நகரத் தொடங்கியபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கபீர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஓலைக்குடா. அங்கே கடல் ஆழமில்லை. தாழைப்பாசி மண்டிய தரை நெடுந்தூரம் வருகிறது. இடுப்பளவு தண்ணீரில் இர்பான் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டான். முப்பது அடி தள்ளி பானுப்பிரியா நீந்தி முன்னால் போனாள். முழங்கால் அளவுக்கு வந்ததும் நீச்சலை விட்டு எழுந்து நின்றாள்.

எட்டரை மணி நேரம் படுத்தே கிடந்த உடம்பு. கால் ஊன்றத் தெரியவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்று, ஒரு காலடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். கரையில் கல்லூரிப் பெண்கள் காய்ந்த மணலில் காலால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் செல்லச்சாமி பார்த்தார். கோட்டோரத்தில் மருதுபாண்டி. பட்டு வேட்டி. இரண்டு கையிலும் விரித்துப் பிடித்த சம்பங்கி மாலை, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மாலை.

வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்திருக்கிறான். கையடித்துக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறான். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தது யார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார், கடைசியில் படத்தில் விழப்போகிறவன் யார்? சடங்கு வீட்டில் செய்ததையே மறுபடியும் செய்யப்போகிறான். இப்படி நினைத்தாரா, நினைக்க நேரம் இருந்ததா என்று கேட்டால் நேரம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே கொதிப்பாக வந்தது.

"மருது! தண்ணியில இறங்குன, தொலைச்சுப்புடுவேன்!"

சுகந்தி வேட்டி நுனியைப் பிடிப்பதற்குள் அவர் படகைவிட்டுக் குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவிக்கொண்டு, பாசியில் வழுக்கிக்கொண்டு, பானுப்பிரியாவைத் தாண்டிப் போய் அவளுக்கும் கரைக்கும் நடுவில் நின்றார்.

மருதுபாண்டி அசையவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், காய்ந்த மணலில், மாலையோடு அப்படியே நின்றார். "மச்சான்," என்றார், "நான் இறங்கலையே."

செல்லச்சாமி திரும்பினார். பானுப்பிரியா கைகளை விரித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவர் இடது கை போய் அவள் வலது முழங்கையைப் பிடித்தது. "நம்ம பிள்ளைடா!" என்று வாய் சொல்லிற்று.

அவள் விழப்போனாளா என்பது பிறகு அவருக்குள் பெரிய வழக்காக நடந்தது. அவள் விழப்போகவில்லை. ஆடிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் விழப்போகவில்லை.

விசில் ஊதவில்லை. பானுப்பிரியா தன் முழங்கையைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"கைய எடுங்க பெரியப்பா" என்றாள்.

எடுத்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பதினோரு காலடி. கோட்டைத் தாண்டிக் காய்ந்த மணலில் போய்த் தன் காலில் நின்றாள். ஒருவரும் கை தட்டவில்லை. மருதுபாண்டி மாலையை மடித்து ஓலைப்பெட்டிக்குள் வைத்தார்.

கபீர் படகிலிருந்தபடியே எழுதினார். 'முடிவிடத்துக்கு முன் பிறர் கை பட்டது. செல்லாது.' எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நனைந்த வேட்டியோடு பக்கத்தில் வந்து நின்ற செல்லச்சாமியிடம், "யாரு கைன்னு எழுதச் சொல்லி இதுல இடம் இல்லை" என்றார். "இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அத நீங்க சொல்லிக்கிருவீகன்னு நம்புறேன்."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே அபிராமத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் சொல்லியிருக்கலாம்.

உரக்கடை வாசலில் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, ஆகலையாமே? என்னாச்சு?"

"கடைசியில கை பட்டுப்போச்சு" என்றார் செல்லச்சாமி.

"படகப் பிடிச்சிருச்சாக்கும்?"

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "சின்னப் பிள்ளைதானே" என்றார்.

இரண்டே வார்த்தை. பொய் என்று அதைச் சொல்ல முடியாது. அவள் சின்னப் பிள்ளைதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தை அவருக்கு முன்னால் செவ்வந்தியேந்தலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பானுப்பிரியா படகைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். பாதி வழி படகிலேயே உட்கார்ந்து வந்தாளாம். அந்தப் பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டாராம். பெரியவரே வாயால் ஒத்துக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கு நான்கு பிள்ளைகள் வந்தன. அதற்கடுத்த வாரம் இரண்டு. "ஏமாத்துறதுக்கா பிள்ளைய அனுப்புறது?" என்று ஒரு தாய் குழாயடியில் கேட்டாள். "முங்காம இருக்கக் கத்துக்கிட்டதே போதும்" என்று இன்னொருத்தி கேனை அடுப்படிக்கு எடுத்துப்போனாள். கடைசியில் கலைச்செல்வி மட்டும் மிச்சம். ஒற்றைப் பிள்ளை, ஒற்றைக் கேன்.

பானுப்பிரியா ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ராமலெட்சுமி மட்டும் ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள். "அத்தான், நான் கரையில நின்னு பாத்தவ. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். எங்க அண்ணனுக்கும் தெரியும். மூணு பேரும் பேசாம இருக்கோம்னா யாருக்காக இருக்கோம்?"

"குடும்பத்துக்காக" என்றார் அவர்.

ராமலெட்சுமி ரசத்தை எடுக்க உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

அவருக்கும் மனக்குறை இருந்தது. தன்னைத்தான் எல்லாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மாலை வேண்டாம் என்ற பேச்சை மருதுபாண்டி மதிக்கவில்லை. வயதானவர், பாசத்தில் பட்ட கை என்று பார்க்காமல் கபீர் எழுதிவிட்டார். வளர்த்த பிள்ளை நான்கு பேர் முன்னால் கையை எடு என்றது. இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது: மருதுபாண்டியின் கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் காலை எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் அது தண்ணீருக்குள் வரமாட்டேன் என்றது.

சித்திரை பிறந்து மிளகாய்ப் பழம் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது பானுப்பிரியா பையோடு வந்தாள்.

"ராமநாதபுரத்துல விடுதியில தங்கப் போறேன் பெரியப்பா. அடுத்த மார்ச்சுல மறுபடி இறங்குறேன்."

"இங்கன இருந்து போனா ஆகாதா?"

"இங்கன கண்மாய்க்குப் போனா சிரிக்கிறாக."

அவர் பழத்தைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள்ல மறந்துருவாக. ஊரு வாய் அப்படித்தான்."

"ஊரு வாயா?" அவள் பையைக் கீழே வைத்தாள். "உரக்கடையில சின்னப் பிள்ளைதானேன்னு சொன்னது ஊரா பெரியப்பா?"

அவர் நிமிர்ந்தார். "என்னைய என்ன செய்யச் சொல்ற? எழுவத்தோரு வயசுல தெருத்தெருவா நின்னு, நான் வாக்குத் தவறிட்டேன், நான் வாக்குத் தவறிட்டேன்னு சொல்லச் சொல்றியா? இந்தக் குடும்பத்துக்கு ஒரு பேரு இருக்கு. உங்க அய்யா பேரும் அதுக்குள்ளதான் இருக்கு."

"என் பேரு?"

அவர் மறுபடி பழத்தைக் காலால் தள்ளத் தொடங்கினார்.

"நீங்க தொட்டதுக்குக்கூட நான் கோவப்படல. சத்தியமா. அந்தக் கோபுரத்துக்கிட்ட நீங்க அழுதத நான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் என் கை ஓடுச்சு." அவள் குரல் ஏறவில்லை, நீந்தும்போது மூச்சு விடுகிற மாதிரி அளந்து அளந்து பேசினாள். "நீங்களே சொல்லுவீகன்னு ஒவ்வொரு நாளும் இருந்தேன். இன்னைக்கு வந்து சொல்லுவீக, நாளைக்கு வந்து சொல்லுவீகன்னு. நாப்பத்தி ரெண்டு நாளாச்சு."

பையை எடுத்துக்கொண்டு போனாள். களத்தின் வரப்பில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றார். அவள் திரும்பவில்லை.

ஆவணியில் மருதுபாண்டி வந்தார். எப்போதும் பைக்கை வாசல் வரை ஓட்டிவருகிற மனிதர் அன்றைக்குத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"மச்சான், ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அடுத்த தடவை படகுல குடும்பத்து ஆளா என்னைய வரச் சொல்லிப் பானு சங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கு."

செல்லச்சாமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தோளில் சுமந்த பிள்ளை. குடும்பத்து ஆள் என்று கேட்கும் தாளில் அவள் எழுதியது இவன் பெயரை.

"அதான் ஜெயிச்சுட்டியே" என்றார். "முதல் மாலைக்காரனாச்சே நீ. போ. போய் உக்காந்துக்க. என்ட்ட எதுக்குக் கேக்குற?"

"ஜெயிச்சவன் கேக்கமாட்டான் மச்சான். கேட்டுத்தானே நிக்கிறேன்." மருதுபாண்டி உட்காரவில்லை. "அன்னைக்கு மாலை கொண்டாந்தது எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டீகளா? விசில் ஊதுனதும் உங்க கையில குடுக்கத்தான் கொண்டாந்தேன். சடங்குல நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்னு எனக்கும் உறுத்தல் உண்டு. நீங்க போடட்டும்னு தங்கச்சிட்டயும் சொல்லித்தான் வச்சிருந்தேன். நம்பலைன்னா அதுட்டயே கேளுங்க."

செல்லச்சாமி உள்ளே திரும்பிப் பார்த்தார். கதவருகே ராமலெட்சுமி நின்றிருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

மருதுபாண்டி போன பிறகும் அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஆறு மாதமாக அடுக்கி வைத்திருந்த நியாயம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. தன்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கரையில், அந்தப் படகில், வாக்கை விட்டவன் ஒருவன்தான்.

ஆனாலும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. பழக்கம். நிமிர்ந்தே நடந்த முதுகுக்குக் குனிவது சட்டென்று வராது.

மறுநாள் வேலை ஆட்கள் நாற்றங்காலைச் சுத்தம் செய்துவிட்டுக் கஞ்சி குடிக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். செல்லச்சாமி வரப்பில் நின்று நாளைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சோலையம்மாள் தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். குறைவாகப் பேசுகிறவள். மூத்த பெண்ணை அந்தக் கண்மாயில் கொடுத்தவள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மாவட்டத்துல ஏதோ நீச்சல் போட்டியாம். பானு பாப்பா போன்ல சொல்லுச்சு, கலைச்செல்வியக் கூட்டிட்டு வாங்கன்னு. இங்கன எல்லாரும் அனுப்பாதங்குறாக. படகப் பிடிச்சு ஏமாத்துன பிள்ளைட்ட என்னத்தக் கத்துக்கிரும்னு கேக்குறாக." அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் படிக்காதவ. எனக்கு ஒரே பிள்ளைதான் மிச்சம். ஏமாத்துற எடத்துக்கும் விடமாட்டேன், நல்லது கத்துக்கிற எடத்தையும் கெடுக்கமாட்டேன். நீங்க அந்தப் படகுல இருந்தவுக. பானு படகப் பிடிச்சுச்சா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

மரத்தடியில் கஞ்சி உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"அட, அதான் ஊருக்கே தெரியுமே சோலையக்கா" என்று யாரோ ஒருத்தி இழுத்தாள். "பெரியவர எதுக்குச் சங்கடப்படுத்துற? அவுக வீட்டுப் பிள்ளை, விட்டுக்குடுப்பாகளா?"

ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான்.

செல்லச்சாமி தோளிலிருந்து துண்டை எடுத்தார். உதறவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்தே இருந்தது. குரலில் நடுக்கம் இல்லை, கெஞ்சல் இல்லை, நாளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வேண்டும் என்று சொன்ன அதே குரல்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பானு படகப் பிடிக்கல. எட்டரை மணி நேரம் படகுக்கும் அவளுக்கும் முப்பதடிக்குக் குறையாம இருந்துச்சு. கம்புல புட்டி நீட்டுறதுக்குத் தவிர கிட்டப் போகல. அவ மாமன் மருதுபாண்டியும் தொடல, தண்ணியில காலும் வைக்கல. கபீர் சார் எழுதினது சரி. காஞ்ச மணலுக்குப் பதினோரு காலடி இருக்கையில நான் இறங்கிப் போயி அவ கையப் பிடிச்சேன். அவ விழப்போகல. தொட்டது நான்."